எதிரிகள் நூறு, வழிக் கணக்கு ஒன்று!

மொபைல் போனில் கேம் விளையாடுபவர்களுக்கு டவர் டிபன்ஸ் என்ற வகை பழக்கமானதுதான். எதிரிகள் அலை அலையாக வருவார்கள். அவர்கள் வரும் வழியில் பீரங்கிகளை நிறுத்தி நம் தளத்தைக் காப்பாற்ற வேண்டும். 2002ல் வெளியான வார்கிராப்ட் 3 கேமுக்கு ரசிகர்களே உருவாக்கிய மேப்கள் மூலம் இந்த வகை நன்கு பரவியது. 2007ல் டெஸ்க்டாப் டவர் டிபன்ஸ் பிரவுசரில் வந்தது. 2008ல் பீல்ட்ரன்னர்ஸ் ஐபோனுக்கு வந்தது.

இந்த வரிசையில் நாம் இங்கு காணப்போவது மைண்டஸ்ட்ரி. அனுகென் என்ற பெயரில் இயங்கும் புரோகிராமர் 2017ல் வெளியிட்ட கேம் இது. செர்புலோ என்ற கற்பனைக் கிரகத்தில் தாது தோண்டி, தொழிற்சாலை கட்டி, இயந்திர எதிரிகளைச் சமாளிக்க வேண்டும்.

தோற்றால் காசு கேட்காது

இன்று பல இலவச கேம்கள் பெயரளவில் மட்டுமே இலவசம். பத்தாவது கட்டம் வரை எளிதாக விடும். அதன் பின் பணம் கட்டி வைரமோ கவசமோ வாங்காமல் நகர முடியாது. என் அக்கா மகன் இப்படி ஒரு கேமில் மாட்டிக்கொண்டு, "மாமா, இந்த ஒரு பீரங்கி மட்டும் வாங்கித் தாங்க" என்று என்னிடம் வந்தான். அப்போதுதான் அவன் போனில் மைண்டஸ்ட்ரியை இன்ஸ்டால் செய்து கொடுத்தேன்.

ஆண்ட்ராய்டு போன்களுக்கு இது இலவசம். விளம்பரம் இல்லை, கேமுக்குள் வாங்குவதற்கும் எதுவும் இல்லை. தனியாக விளையாட இன்டர்நெட் இணைப்பும் தேவையில்லை. தோற்றால் ஒரே வழிதான் உண்டு: ஏன் தோற்றோம் என்று புரிந்துகொள்வது. அதற்கு எதிரி எப்படி நடக்கிறான் என்று தெரிய வேண்டும்.

எதிரிக்கு வழி தெரிவது எப்படி?

மேப் முழுவதும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டாக, 200க்கு 200 அளவுள்ள மேப்பில் 40,000 கட்டங்கள் இருக்கும். 100 எதிரிகளும் ஆளுக்கொரு முறை மேப் முழுவதும் அலசி வழி தேடினால் 40 லட்சம் கட்டங்களைப் பார்க்க வேண்டி வரும். சாதாரண போன் சூடாகித் திணறிவிடும்.

இதற்கு எளிய தந்திரம் ஒன்று உண்டு. கணக்கை எதிரியிடமிருந்து தொடங்காமல், நம் தளத்திலிருந்து தொடங்குவது. தளம் இருக்கும் இடத்திற்கு 0 என்று எண் கொடுங்கள். அதை ஒட்டியுள்ள கட்டங்களுக்கு 1, அவற்றை ஒட்டியவற்றுக்கு 2, இப்படியே மேப் முழுவதும் எண்களை நிரப்புங்கள். பாறைகளைத் தாண்ட முடியாது என்பதால், எண்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும். இனி ஒவ்வொரு எதிரியும் செய்ய வேண்டியது ஒன்றே: பக்கத்துக் கட்டங்களில் எதில் எண் குறைவோ அதில் கால் வைப்பது.

40,000 கட்டங்களுக்கு ஒரே ஒரு கணக்கு. எதிரிகள் 10 பேர் வந்தாலும் 100 பேர் வந்தாலும் அதுவே போதும். நாம் புதிதாக எதையாவது கட்டினால் எண்கள் திருத்தப்படும். இந்த வேலை தனி திரெட்டில் நடப்பதால் திரையில் ஆட்டம் தடைபடாது. புரோகிராமர்கள் இதை ப்ளோ பீல்ட் என்பார்கள்.

சுவர் கட்டும்போது கவனியுங்கள்

நாம் கட்டும் சுவரைப் பாறை போல இந்தக் கேம் நினைப்பதில்லை. சுவர் உள்ள கட்டத்திற்குக் கூடுதல் எண் சேர்க்கிறது, அவ்வளவுதான். சுற்றிப் போகும் வழி குறைந்த எண்ணில் முடிந்தால் எதிரி சுற்றிப் போவான். சுற்றுவழி மிக நீளமானால் சுவரை உடைத்துக்கொண்டு நேராக வருவான். எனவே, வழியை முழுவதும் அடைக்காமல் ஓர் இடைவெளி விட்டு, அதைச் சுற்றிப் பீரங்கிகளை நிறுத்துங்கள். எதிரிகள் தாமாகவே அங்கு வந்து சேர்வார்கள்.

பறக்கும் எதிரிகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அவை பாறை, சுவர் எதையும் பார்க்காமல் நேராக வரும். ஹெயில் பீரங்கி தரையில் வருபவர்களை மட்டுமே சுடும். ஸ்கேட்டர் வானில் வருபவற்றை மட்டுமே சுடும். டுவோ இரண்டையும் சுடும்.

பீரங்கிக்கும் பசி உண்டு

மற்ற கேம்களில் பீரங்கியை நிறுத்தினால் போதும், அது சுட்டுக்கொண்டே இருக்கும். இங்கு டுவோவுக்குத் தாமிரமோ, கிராபைட்டோ, சிலிக்கானோ போய்ச் சேர வேண்டும். டிரில் மூலம் தாதுவைத் தோண்டி, கன்வேயரில் அனுப்ப வேண்டும். 2 பங்கு நிலக்கரியை அழுத்தினால் 1 பங்கு கிராபைட் கிடைக்கும். தாமிரத்தை விட இதன் தாக்கம் அதிகம்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கன்வேயர் தன் முனைக்கு நேர் எதிரே உள்ளதற்கு மட்டுமே பொருளைத் தரும். பக்கவாட்டில் இருக்கும் பீரங்கிக்குத் தராது. வரிசையாகப் பல பீரங்கிகள் இருந்தால் இடையிடையே ரூட்டர் வையுங்கள். அது எல்லாப் பக்கமும் பிரித்துக் கொடுக்கும். பீரங்கி சுடவில்லை என்றால் முதலில் அதன் குண்டு இருப்பைப் பாருங்கள்.

மாணவர்களுக்கு

இந்தக் கேம் ஜாவா மொழியில் எழுதப்பட்டது. இதன் சோர்ஸ் கோடு முழுவதும் கிட்ஹப் தளத்தில் ஜிபிஎல் 3 உரிமத்தின் கீழ் உள்ளது. கல்லூரியில் ஜாவா படிப்பவர்கள் பாத்பைண்டர் என்ற பைலைத் திறந்து பாருங்கள். மேலே சொன்ன எண் கணக்கு அங்கேதான் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் பிரெட்த் பர்ஸ்ட் சர்ச் என்று மனப்பாடம் செய்வதன் அடிப்படைதான் இது.

என் அக்கா மகன் இப்போது பீரங்கி கேட்பதில்லை. "மாமா, இந்த இடைவெளியை எங்கே விடலாம்?" என்று கேட்கிறான். நீங்களும் முதல் மேப்பான கிரவுண்ட் ஜீரோவில் தொடங்குங்கள். ஒரு சுவரைக் கட்டிப் பார்த்து, எதிரிகள் எப்படி வழி மாறுகிறார்கள் என்று கவனியுங்கள்.