இரட்டை அடுப்பும் ஓ.பி. அறையும்

காலை ஏழரை மணி அடுப்படியில் யாரும் வகுப்பு எடுப்பதில்லை. பிள்ளைகளுக்கு டிபன் கட்டியாக வேண்டும். ஆனாலும் நாம் தோசை வார்க்கக் கற்றது அந்த அவசரத்தில்தான். மருத்துவமனை ஓ.பி.யும் அப்படித்தான். வெளியே வரிசை நிற்கிறது. உள்ளே வைத்தியமும் நடக்க வேண்டும், பயிற்சி மருத்துவரும் தேற வேண்டும். எப்படி? அமெரிக்கக் குடும்ப மருத்துவர் ஜான் நெஹரும் உடன் இருந்தவர்களும் 1992-ல் இதற்கு ஐந்து படிகள் வகுத்தார்கள்.

அந்தப் படிகளுக்கு முன்னால் அடுப்பைப் பற்ற வைப்போம். ஒரு பக்கம் பருப்பைச் சிறு தீயில் விட்டு, மறு பக்கம் இரண்டு தோசை வார்த்துவிடுவோம் அல்லவா? அதுபோலப் பயிற்சி மருத்துவர் ஒரு நோயாளியை நிதானமாக விசாரிக்கும் நேரத்தில், மூத்த மருத்துவர் இரண்டு பேரைப் பார்த்து அனுப்பிவிடுகிறார்.

பிறகு பயிற்சி மருத்துவர் வந்து சொல்கிறார்: "மேடம், பிரஷர் மாத்திரை சாப்பிடுற அம்மா. ரெண்டு காலும் வீங்கியிருக்கு."

மூத்தவருக்கு விடை நாக்கு நுனியில் நிற்கும். சொல்லிவிட்டால் கரண்டியைப் பிடுங்கிய மாதிரிதான்; குழம்பு ருசிக்கும், பிள்ளைக்குக் கை வராது. என்னைக் கேட்டால், அந்த ஒரு நொடி வாயை அடக்குவதுதான் ஐந்து படிகளிலும் கடினமானது. விடையைச் சொல்லாமல், முதல் படியாக அவர் கேட்கிறார்: "நீ என்னம்மா நினைக்கிறே?"

"கிட்னி கோளாறு, மேடம்."

இரண்டாவது படி, "எதை வச்சுச் சொல்றே?" கல் காய்ந்துவிட்டது என்று பிள்ளை சொன்னால், தண்ணீர் தெளித்துப் பார்த்தாயா என்று கேட்போமே, அதே கேள்வி. இப்போது பயிற்சி மருத்துவர் யோசிக்கிறார். காலை அழுத்தினால் குழி விழுகிறது. ஆனால் முகம் வீங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. "மருந்துச் சீட்டு?" என்கிறார் மூத்தவர். பிரித்துப் பார்த்தால், அந்தப் பிரஷர் மாத்திரை அம்லோடிபின்; அதன் அளவு போன மாதம்தான் 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆகியிருக்கிறது.

மூன்றாவது படி, ஒரே ஒரு பொது விதி. புதுத் தொல்லை வந்தால் முதலில் பழைய சீட்டைப் பார். ஒரு சிட்டிகை போதும். பெருங்காயத்தை அள்ளிக் கொட்டினால் கசக்கும்.

நாலாவது, பாராட்டு. வெறுமனே "நல்லாயிருக்கு" என்றால் எது நன்றாக வந்தது என்று தெரியாது. "முகத்தையும் மூச்சையும் பார்த்தியே, அது சரி" என்று தொட்டுக் காட்ட வேண்டும். கடைசியாகத்தான் திருத்தம், அதுவும் தனியாக. விருந்தாளி எதிரில் உப்புக் குறையைச் சொல்வோமா?

பிறகு மூத்தவர் தாமே நோயாளியைப் பார்க்கிறார். சிறுநீர்ச் சோதனையும் எழுதி, மாத்திரையை மாற்றுகிறார். மாலையில் கிளம்பும்போது, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறார்: "அந்த மாத்திரைக்கு ஏன் கால் வீங்குது?"

மறுநாள் விடை தோய்ந்து வருகிறது. "ரத்தத்தை உள்ளே கொண்டுவர்ற சின்னத் தமனிகளை அது விரிக்குது, மேடம். வெளியே கொண்டுபோற சிரைகள் அந்த அளவுக்கு விரியறதில்லை. வாய்க்காலை அகலப்படுத்திட்டு வடிகாலை அப்படியே விட்டா வயல்ல தண்ணி நிக்குமே, அது மாதிரி."