கடைக்கு வழி தெரிகிறது, குழுவுக்கு?

புதுச்சேரியில் குடியை நிறுத்த நினைப்பவருக்கு மருத்துவமனை தூரத்தில் இல்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அதன் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. கைநடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு என்று முதல் சில நாள்கள் படுத்தும் பாட்டை மருந்தால் தாண்டிவிடலாம். பிறகு அவர் ஊர் திரும்ப வேண்டும். சாராயமும் கள்ளும் இன்றும் அரசு உரிமத்தோடு விற்கும் ஊர் அது. மது மலிவு என்பதற்காகவே விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டி வரும் ஊர். வேலைக்குப் போகும்போதும் கடை, வரும்போதும் கடை. வார்டில் கழிந்த சில வாரங்களைவிட, அந்தக் கடையைத் தாண்டி நடக்க வேண்டிய வருடங்கள்தான் கடினம். அந்த வருடங்களுக்கு அவருக்குத் தேவை, குடியிலிருந்து மீள்பவர்கள் கூடிப் பேசும் ஒரு குழு, நடந்துபோகும் தூரத்தில். அதைத் தேடிக்கொள்ளும் பொறுப்பை அவர் தலையிலேயே விட்டுவிடுவது பெரும் தவறு. குழுவில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் சிகிச்சைதான்.

இப்படிப்பட்ட குழுக்களில் மூத்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தங்களுக்குள் பேசிப் பேசியே குடிக்காமல் இருக்க முடிவதைக் கண்டார்கள். அதிலிருந்து பிறந்தது இது. இந்தியாவுக்கு 1957இல் மும்பை வழியாக வந்தது. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. தேவாலயக் கூடத்திலோ பள்ளி வகுப்பறையிலோ ஒரு மணி நேரம் போலக் கூடி, குடித்த காலத்தையும் குடிக்காமல் கடந்த நாளையும் பேசுவார்கள். புதிதாக வருபவருக்கு, மீண்டு சில காலம் ஆன ஒருவர் துணையாக நிற்பார். மாலையில் நாக்கு வறளும்போது அவரைத்தான் போனில் கூப்பிட வேண்டும். எந்த மருத்துவராலும் தர முடியாத உதவி இது. குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனிக் குழு உண்டு.

பேசினால் குடி நிற்குமா என்ற கேள்வி நியாயமானது. கோக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, 10,565 பேரின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ.யோடு நோயாளியை முறையாக இணைக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் குடிக்காமல் இருந்தார்கள். பிற உளவியல் சிகிச்சைகளில் அது 35. இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'இணைக்கும்' என்பது. 1981இல் வந்த ஒரு சிறு ஆய்வு இதை இன்னும் பளிச்சென்று காட்டுகிறது. 20 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் சொல்லி அனுப்பினார்கள், ஒருவர்கூடப் போகவில்லை. மறுபாதிக்கு, ஆலோசகரின் அறையிலிருந்தே குழு உறுப்பினர் ஒருவரிடம் போனில் பேச வைத்தார்கள். அத்தனை பேரும் போனார்கள். எண்ணிக்கை சிறியதுதான், நாடும் வேறுதான். ஆனால் அறியாத அறைக்குள் தனியாக நுழையத் தயங்கும் மனது எல்லா ஊரிலும் ஒன்று. இந்தியாவின் நிலையோ இன்னும் மோசம்: எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெறுகிறார். அந்த ஒருவரையும் பாதி வழியில் விட்டுவிடலாமா?

சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், குழுவுக்குப் போனால் மானம் போய்விடும் என்பார்கள். அவர் குடிப்பது தெருவுக்கு ஏற்கெனவே தெரியும். நிறுத்தப் போவதுதான் தெரியாது. முத்தியால்பேட்டைக்காரர் வேறு பகுதியில் நடக்கும் கூட்டத்துக்குப் போகலாம். பெண்களுக்கு மட்டும் இந்தப் பதில் போதாது. ஆண்கள் நிறைந்த அறைக்குள் நுழைவது அவர்களுக்கு உண்மையிலேயே கடினம். இணையவழிக் கூட்டங்கள் ஓரளவு உதவும். ஏ.ஏ.யின் கடவுள் பேச்சு ஒட்டவில்லை என்பவர்கள் உண்டு. ஏ.ஏ. சொல்லும் மேலான சக்தியை அவரவர் விளங்கிக்கொண்டபடி எடுத்துக்கொள்ளலாம். அதுவும் வேண்டாம் என்றால் 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி என்ற குழு இருக்கிறது. கடைகளை மூடினாலே போதுமே என்பது இன்னொரு வாதம். கடைகளைக் குறைக்கக் கோருவது சரியே. ஆனால் 2020 மார்ச் ஊரடங்கில் கடைகள் திடீரென மூடப்பட்டபோது கேரளத்தில் மது கிடைக்காத தவிப்பில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கதவைச் சாத்துவதால் நோய் தீர்ந்துவிடாது.

ஆகவே நாள்தோறும் குடிப்பவர் சட்டென்று தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பும் சித்தக் கலக்கமும் உயிருக்கே ஆபத்தாகலாம், முதலில் மருத்துவர். அங்கேயே, பக்கத்தில் எந்தக் குழு, தமிழில் பேசுகிறார்களா, வெளியாரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டம் எந்தக் கிழமை என்று கேளுங்கள். கட்டணமில்லாத தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. தனியார் மையத்தில் சேர்ப்பதானால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பாருங்கள். முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் இன்னும் நாலைந்து போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மருத்துவர்களிடமும் சமூகப் பணியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே, பக்கத்துக் குழு கூடும் கிழமை, நேரம், இடம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். நோயாளி வார்டை விட்டு இறங்கும் முன், அந்தக் குழுவின் ஒருவரோடு அவரைப் பேச வையுங்கள்.