மூளைக்கான மருந்து இதயத்தில் சிக்கியது எப்படி? ஜிபிஆர் 12909 கதை

ரீல்ஸ் பார்த்தால் டோபமைன், ஸ்வீட் சாப்பிட்டால் டோபமைன் என்று எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர் அடிபடுகிறது. சரி, வேலை முடிந்ததும் அந்த டோபமைன் எங்கே போகிறது? அந்தக் கேள்வியோடு பிணைந்ததுதான் ஜிபிஆர் 12909 என்ற ரசாயனத்தின் கதை. இதன் இன்னொரு பெயர் வனாக்ஸரின்.

இது என்ன செய்யும்?

ஒரு நரம்பு செல் வெளியிடும் டோபமைன், பக்கத்து செல்லுக்குச் சேதி சொன்னதும் பெரும்பாலும் வந்த இடத்துக்கே திரும்ப உறிஞ்சப்படும். அந்த வேலையைச் செய்யும் புரதம்தான் டோபமைன் டிரான்ஸ்போர்ட்டர். அதை அடைத்துவிட்டால் டோபமைன் வெளியிலேயே தேங்கிவிடும்.

கோகைன் செய்வதும் இதைத்தான். ஆனால் அது செரோடோனின், நார்எபிநெஃப்ரின் டிரான்ஸ்போர்ட்டர்களையும் சேர்த்து அடைக்கும். ஜிபிஆர் 12909 முக்கியமாக டோபமைன் பக்கம் மட்டுமே கை வைக்கும். 'இந்த மாற்றத்துக்குக் காரணம் டோபமைனா, வேறு ஏதாவதா?' என்று பிரித்துப் பார்க்க ஆய்வாளர்களுக்கு இது கைகொடுப்பது அதனால்தான்.

போதைக்கு மருந்தா?

1970களின் இறுதியில் நெதர்லாந்தின் கிஸ்ட்-ப்ரோகேட்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. ஜிபிஆர் என்பது அந்த நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்ததுதான்.

இது மெதுவாகத் தொடங்கி நீண்ட நேரம் நிற்கும். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி, கோகைன் உட்காரும் இடத்தை இது முன்கூட்டியே பிடித்துவிட்டால்? 1990களில் ரீசஸ் குரங்குகளிடம் சோதித்தார்கள். குறிப்பிட்ட அளவுகளில், அவை கோகைனைத் தேடி எடுத்துக்கொள்வது குறைந்தது. சாப்பாட்டில் அவ்வளவு மாற்றமில்லை.

எங்கே சிக்கியது?

மனிதர்களிடம் முதல்கட்டப் பரிசோதனை நடந்தபோது இசிஜியில் 'க்யூடி' இடைவெளி நீண்டது. இதயத்தின் கீழறைகளில் மின்தூண்டல் பரவி, அடுத்த துடிப்புக்கு ரீசெட் ஆக எடுக்கும் நேரம் அது. நீண்டால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். காரணம், இதய செல்களின் பொட்டாசியம் சேனலையும் இது அடைத்தது. 'செலக்டிவ்' என்பது டிரான்ஸ்போர்ட்டர்களுக்கு நடுவில்தானே தவிர, உடம்பு முழுக்க இல்லை!

அதே குணத்தைப் பயன்படுத்தி, இதய மேலறைத் துடிப்புக் கோளாறுக்கு மருந்தாக்கவும் பின்னர் முயன்றார்கள். ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் தென்பட்டதால் அந்தப் பரிசோதனையும் பாதியில் நின்றது.

இப்போது?

கோகைன் அடிமைத்தனத்துக்கென அமெரிக்காவின் எஃப்டிஏ ஒப்புதல் தந்த மருந்து ஒன்றுகூட இல்லை. ஜிபிஆர் 12909 இன்றும் ஆய்வுக்கூடத்தில் உதவும் ஒரு கருவி. டோபமைனைக் கூட்டிக்கொள்ள வாங்கிப் போடும் மாத்திரை அல்ல.