மாரிகுப்பம் வண்டியும் மாதம் இருநூறு ரூபாயும்

பங்காருப்பேட்டையில் பிரியும் கிளைப் பாதை, பதினாறு கிலோமீட்டர் ஓடி மாரிகுப்பத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது. கோலார் தங்கச் சுரங்கத்துக்காக 1894இல் போட்ட பாதை இது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகு, இதில் போய்வருவது ஆட்கள்தான். சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடிவதற்குள் வண்டியேறி, பெங்களூரில் வேலை முடித்து இரவில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். பல வீடுகளில் அடுப்பெரிவதே இந்த வண்டியை நம்பித்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, வண்டி நின்றது. அன்றாடம் போனால்தான் சம்பளம் என்றிருந்தவர்களின் பாடு என்னவாகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. நாடெங்கும் இதே கதைதான். அரிசி, பருப்பு வாங்கக் காசு வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் க்யூஆர் படங்கள் சுற்றியதும், ஜிபே திறந்து நூறும் ஐந்நூறும் அனுப்ப நம்மவர்கள் பழகியதும் அந்த வாரங்களில்தான்.

திருடர்களும் சும்மா இருக்கவில்லை. பிரதமரின் அவசரகால நிதியான 'பிஎம் கேர்ஸ்' அறிவிக்கப்பட்ட சூட்டோடு சூடாக, அதன் யுபிஐ முகவரியில் ஒரே ஒரு எழுத்தை, கடைசி 'எஸ்'ஸை மட்டும் விட்டுவிட்டுப் போலி முகவரி கிளம்பியது. டில்லி போலீஸ் எச்சரிக்க வேண்டி வந்தது. அதனால் அவசரத்தில் பின் நம்பரைத் தட்டாதீர்கள். அதற்கு முன்னால் திரையில் பணம் பெறுபவரின் பெயர் வரும். அறக்கட்டளைக்கு என்று அனுப்பும்போது அங்கே யாரோ தனியாள் பெயர் நின்றால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற அமைப்பு ரசீது தரும். நன்கொடைக்கு வரிச்சலுகை கேட்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம்: ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது.

இணையத்தில் பசிக்கு உதவுவது நேற்று முளைத்ததல்ல. 1999இலேயே ஜான் பிரீன் என்ற அமெரிக்கர் 'ஹங்கர் சைட்' என்ற தளத்தைத் தொடங்கினார். பொத்தானை அழுத்தினால் போதும், சாப்பாட்டுக்கான காசை விளம்பரதாரர் கொடுப்பார். கிளிக் செய்தவருக்குக் காலணா செலவில்லை. நல்ல யோசனைதான். ஆனாலும் கையைக் கடிக்காத தானத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கொடுத்ததே மறந்துபோகும், பிறகு அது எங்கே போனது என்று எப்படிக் கேட்போம்?

கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. மாரிகுப்பம் வண்டி போய்ச் சேரும் பெங்களூரில்தான் 2000இல் அட்சய பாத்திரம் அறக்கட்டளை ஐந்து பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கியது. அரசு மானியமும் நன்கொடையும் சேர்ந்து, இன்று பல மாநிலங்களில் பல லட்சம் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். சாதாரணக் காரியமல்ல. ஆனால் அந்தச் சமையலில் வெங்காயமும் பூண்டும் கிடையாது; முட்டையும் கிடையாது. 2018, 2019இல் கர்நாடகத்தில் இது பெரிய சர்ச்சையானது. பிறகு 2024இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை மாநில அரசோடு ஒப்பந்தம் போட்டு, அரசுப் பள்ளிகளில் வாரம் இரண்டு நாள் கிடைத்த முட்டையை ஆறு நாளாக்க முன்வந்தது. மூன்றாண்டுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய். ஆக, காசு கொடுப்பவரின் கை, தட்டில் என்ன விழும் என்பதையும் தீர்மானிக்கிறது. கறியும் முட்டையும் வீட்டில் உண்டு வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளியிலும் முட்டை கிடைக்கட்டும் என்பது என் கட்சி. உங்கள் கட்சி வேறாக இருக்கலாம். அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

இன்னொரு சங்கடம் தேதி. எனக்குத் தெரிந்த ஒரு முதியோர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிறந்தநாள், ஒரு திவசம். வடை பாயசம் மிஞ்சிப்போய் விநியோகம் நடக்கும். செவ்வாய்க்கிழமை ரசம் சாதம். அன்றைக்கு யாரும் பிறக்கவில்லை, அவ்வளவுதான். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை எரிகிறதென்றால், நாள் கிழமை பார்க்காமல் யாராவது அரிசி கொண்டுவந்து போட்டதால்தான்.

செல்பேசியில் ஆட்டோபே வசதி இருக்கிறது. மாதம் இருநூறு ரூபாய் போதும். தேதியை மட்டும் ஒன்றாம் தேதி என்று வைக்காதீர்கள். இருபதுக்கு மேல் வையுங்கள். மளிகைக் கடைக்காரர் பாக்கி கேட்கத் தொடங்குவது அப்போதுதான்.