மின்னஞ்சல் சந்தைப்படுத்தலில் பிழைகள்

மின்னஞ்சல் சந்தைப்படுத்தல் என்பது ஒரு நிறுவனம் தனது பொருட்கள், சேவைகள் பற்றிய செய்திகளை மின்னஞ்சல் வழியாக வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் முறை ஆகும். ஒரே மடல் ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேரைச் சென்றடைவதால், அதிலுள்ள பிழையும் அத்தனை பேரையும் சென்றடைகின்றது. பெறுநரின் வழங்கியை அடைந்துவிட்ட மடலைப் பொதுவாகத் திரும்பப் பெற இயலாது. ஆகவே, அனுப்புவதற்கு முன் செய்யும் சோதனையும், பிழை நேர்ந்தபின் அதனைக் கையாளும் முறையும் இத்துறையில் முக்கியத்துவம் பெறுகின்றன.

வரலாறு

1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேசன் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரு கணினி விளம்பரத்தை அனுப்பினார். இதுவே முதலாவது எரிதம் எனக் கருதப்படுகின்றது. பிற்காலத்தில் பலமுறை நிகழ்ந்த இரு தவறுகள் இம்மடலிலேயே இருந்தன. பெறுநர் எவரும் அதனைக் கேட்டிருக்கவில்லை. மேலும், முகவரிகள் உரிய இடத்தில் அடங்காமல் மடலின் உரைப்பகுதிக்குள் வழிந்திருந்தன.

பிழைகளின் வகைகள்

உள்ளடக்கப் பிழைகள்

தவறான விலை, தவறான நாள், திறக்காத இணைப்பு, பெறுநரின் பெயர் வரவேண்டிய இடம் வெற்றிடமாக இருத்தல் என்பன இவ்வகையின. எழுத்துப் பிழையே இல்லாத மடலும் பொருளால் புண்படுத்தக்கூடும். 2017 ஏப்ரலில் அடிடாஸ் நிறுவனம், பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் பங்கேற்றவர்களுக்கு, அதில் "உயிர் பிழைத்தமைக்கு" வாழ்த்துவதாகப் பொருள்படும் தலைப்புடன் மடல் அனுப்பியது. அதே ஓட்டத்தில் 2013 இல் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் மூவர் இறந்திருந்தனர். நிறுவனம் அன்றே மன்னிப்புக் கோரியது.

பட்டியல் பிழைகள்

சரியான மடல் தவறான பெறுநர்களுக்குச் செல்வது இவ்வகையாகும். 2011 டிசம்பர் 28 அன்று, நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சந்தாவை அண்மையில் நிறுத்திய ஏறத்தாழ 300 பேருக்கு அனுப்பவேண்டிய சலுகை மடல், 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சென்றது. 2014 மே மாதத்தில் சட்டர்பிளை என்னும் ஒளிப்பட நிறுவனம், குழந்தை பெற்றமைக்கான வாழ்த்தைத் தொடர்பற்ற பலருக்கும் அனுப்பியது. குழந்தையின்மையால் அல்லது கருச்சிதைவால் வருந்துவோரை இத்தகைய மடல் ஆழமாகக் காயப்படுத்தக்கூடியது.

பெறுநர்களின் முகவரிகளை மறைநகல் பகுதியில் இடாமல் நகல் பகுதியில் இட்டு, அனைவருடைய முகவரியையும் அனைவருக்கும் வெளிப்படுத்திவிடுவதும் பட்டியல் பிழையே.

ஒப்புதல் பிழைகள்

விலகிவிட்டவருக்கு அல்லது ஒப்புதல் தராதவருக்கு மடல் அனுப்புவது இவ்வகையாகும். 2016 ஆகத்தில் பிளைபீ வானூர்தி நிறுவனம், விளம்பரம் வேண்டாம் என முன்னரே தெரிவித்திருந்தவர்களின் விவரங்களைச் சரிபார்க்கும் நோக்கில் 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடல்களை அனுப்பியது. இதற்காக ஐக்கிய இராச்சியத்தின் தகவல் ஆணையர் அலுவலகம் 2017 மார்ச்சில் அந்நிறுவனத்துக்கு 70,000 பவுண்டு தண்டம் விதித்தது. ஒப்புதல் கேட்டு மடல் அனுப்பிய ஹோண்டா நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவுக்கு 13,000 பவுண்டு விதிக்கப்பட்டது. இல்லாத ஒப்புதலை இன்னொரு மடலால் சரிசெய்ய முடியாது என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

தவிர்க்கும் முறைகள்

* மடலை எழுதியவர் அல்லாத வேறொருவர் அதனைப் படித்து, ஒவ்வோர் இணைப்பையும் திறந்து பார்த்தல்.
* அனுப்பும் முன் பெறுநர் எண்ணிக்கையை எதிர்பார்த்த எண்ணிக்கையுடன் ஒப்பிடல். 300 இருக்கவேண்டிய இடத்தில் இலட்சங்கள் தோன்றினால் அங்கேயே நிறுத்தலாம்.
* சோதனைக்குத் தனிப் பட்டியல் வைத்திருத்தல். உண்மையான பட்டியலைச் சோதனைக்குப் பயன்படுத்தாதிருத்தல்.
* பெரிய பட்டியலுக்குப் பகுதி பகுதியாக அனுப்புதல். முதற்பகுதியில் பிழை தெரிந்தால் எஞ்சியவற்றை நிறுத்த முடியும்.
* பதிவு செய்தவரிடம் உறுதிப்படுத்தும் மடல் மூலம் இரண்டாம் முறை ஒப்புதல் பெறுதல்.
* விலகியோரின் முகவரிகளைத் தனித் தடைப்பட்டியலில் காத்தல். அவற்றை அடியோடு அழித்துவிட்டால், பழைய பட்டியலை மீண்டும் ஏற்றும்போது அவர்களுக்கும் மடல் சென்றுவிடும்.
* நிலையாகத் திரும்பிவரும் முகவரிகளை நீக்குதல். பழைய முகவரிகள் சில, எரிதம் அனுப்புவோரைக் கண்டறியும் பொறிகளாகப் பயன்படுத்தப்படுகின்றன.

பழைய முகவரிகளை நீக்கும்போது, மடல் திறக்கப்பட்டதா என்னும் அளவை மட்டும் நம்பலாகாது. 2021 முதல் ஆப்பிள் அஞ்சல் செயலியின் தனியுரிமைக் காப்பு வசதி படங்களைத் தானாகவே தரவிறக்குவதால், படிக்கப்படாத மடலும் திறக்கப்பட்டதாகப் பதிவாகக்கூடும்.

மீளும் முறைகள்

பிழை தெரிந்தவுடன், வரிசையில் காத்திருக்கும் மடல்களையும் தானியங்கியாக அனுப்பப்படும் தொடர்மடல்களையும் நிறுத்துவது முதற்படியாகும். அடுத்து, பிழை எத்தனை பேரை, எவ்வாறு பாதித்தது என அறியவேண்டும். அவசரத்தில் அனுப்பும் திருத்த மடலிலும் பிழை நேர்வதுண்டு.

எல்லாப் பிழைக்கும் திருத்த மடல் தேவையில்லை. சிறு எழுத்துப் பிழைக்காக மீண்டும் அனைவருக்கும் எழுதுவது தொல்லையைப் பெருக்கும். திறக்காத இணைப்பைப் பலவேளைகளில் இணையத்தளத்திலேயே வழிமாற்றிச் சரிசெய்யலாம். பணம், நாள், தனிப்பட்ட தகவல், மனவருத்தம் ஆகியவற்றுடன் தொடர்புடைய பிழைக்குத் திருத்தம் தேவை. திருத்தம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் செல்லவேண்டும். நடந்தது என்ன, சரியான தகவல் எது, பெறுநர் ஏதேனும் செய்யவேண்டுமா என்பவற்றை அது சுருக்கமாகக் கூறவேண்டும். மன்னிப்பு மடலில் விளம்பரத்தைச் சேர்ப்பது மன்னிப்பின் மதிப்பைக் குறைக்கும்.

உண்மை உறுதியாகுமுன் மறுப்பது பிழையைப் பெரிதாக்கும். நியூயார்க் டைம்ஸ் முதலில் அம்மடல் தம்முடையது அன்று என டுவிட்டரில் அறிவித்து, பின்னர் தம் பணியாளரின் தவறே என ஒப்புக்கொண்டது. இதற்கு மாறாக, 2021 ஜூனில் வெறும் சோதனை மடலைச் சந்தாதாரர்களுக்கு அனுப்பிவிட்ட எச்பிஓ மேக்ஸ், அன்றே தவறை ஒப்புக்கொண்டது. தவறு செய்த பயிற்சிப் பணியாளருக்கு ஆதரவாகப் பலர் தமது பணியிடத் தவறுகளைப் பகிர்ந்துகொண்டனர்.

நன்மதிப்பை மீட்டல்

எரிதம் என முறையிடுவோர் மிகுந்தால், அனுப்புநரின் பிற மடல்களும் எரிதப் பெட்டிக்குள் செல்லத் தொடங்கும். அப்போது புதிய ஆள்களப் பெயருக்கு மாறுவது தீர்வாகாது. அறிமுகமற்ற பெயரிலிருந்து திடீரெனப் பெருந்தொகையாக வரும் மடல்களை வடிகட்டிகள் ஐயத்துடனேயே நோக்கும். காரணத்தைக் களைந்து, தடைப்பட்டியலில் இருந்து நீக்குமாறு கோரி, தொடர்ந்து மடல்களைப் படித்துவருவோருக்கு மட்டும் சிறு அளவில் அனுப்பத் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக எண்ணிக்கையைக் கூட்டுவதே வழக்கமான முறை.

சட்டங்களும் விதிகளும்

* ஐக்கிய அமெரிக்கா: 2004 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள கேன்-ஸ்பாம் சட்டம் ஏமாற்றும் தலைப்பைத் தடை செய்கின்றது, மடலில் அஞ்சல் முகவரி இருக்கவேண்டும், விலகல் கோரிக்கையை 10 வேலைநாட்களுக்குள் நிறைவேற்றவேண்டும்.
* ஐரோப்பிய ஒன்றியம்: 2002 ஆம் ஆண்டின் மின்தனியுரிமைப் பணிப்புரையின்படி பொதுவாக முன்கூட்டிய ஒப்புதல் தேவை. ஏற்கனவே வாங்கிய வாடிக்கையாளர் தொடர்பில் வரம்புக்குட்பட்ட விலக்கு உண்டு.
* அஞ்சல் சேவைகள்: கூகுள், யாகூ ஆகியன 2024 பெப்ரவரி முதல் பெருந்தொகையாக மடல் அனுப்புவோருக்கு அனுப்புநர் உறுதிப்பாட்டையும், ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் விதியாக்கியுள்ளன. எரித முறையீட்டு விகிதம் 0.3 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கவேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* மின்னஞ்சல்
* எரிதம்
* சந்தைப்படுத்தல்