ஒரு கமெராவும் சிதறிய ஊரும்: புகைப்படத் தொழிலுக்குச் சந்தை தேடும் வழி

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு வெளியேறியபோது நம்மிற் பலர் காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் கொஞ்ச நகையையும் மட்டுமே எடுத்துக்கொண்டோம். சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படமும் அப்பு ஆச்சியின் படமும் அங்கேயே நின்றுவிட்டன. பல வருடங்களின் பின் போய்ப் பார்த்தபோது கூரையும் இல்லை, யன்னலும் இல்லை, படமும் இல்லை. ஆகவே ஒரு படத்தின் பெறுமதி என்ன என்பதை நமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இன்று நமது குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் புகைப்படத் தொழிலில் இறங்குகின்றனர். "படம் நன்றாக எடுக்கிறேன், ஆனால் வேலை வருகுதில்லை" என்பதே அவர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் குறை. விளைவிப்பது ஒரு வேலை, விற்பது இன்னொரு வேலை என்பது தோட்டக்காரருக்குத் தெரிந்த விடயம். முகநூல், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் போன்ற சமூக ஊடகங்களை அந்த இரண்டாவது வேலைக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று பார்ப்போம்.

வாடிக்கையாளர் யார்?

உலகம் முழுவதும் நமது படத்தைப் பார்க்க வேண்டும் என்று எண்ணித் தொடங்குபவர்கள் விரைவில் களைத்துப்போகிறார்கள். நமக்கு வேண்டியது உலகம் அல்ல. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சுவிசிலும் கொழும்பிலும் வவுனியாவிலும் சிதறி வாழும் நமது ஊரவர்களே முதல் வாடிக்கையாளர்கள். புங்குடுதீவு, வேலணை, காரைநகர் மக்கள் அந்த நாளில் தென்னிலங்கையில் கடை வைத்துப் பிழைத்தபோது ஊர்த்தொடர்பும் நாணயமுமே அவர்களின் முதலாக இருந்தன. இன்றும் முதல் அதுவே. கடைத்தெரு மட்டும் மாறியிருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவருக்கு என்ன தேவை? நயினாதீவு நாகபூஷணி அம்மன் தேரை அவர் பார்க்க விரும்புவார். தாயாரின் அறுபதாம் ஆண்டு நிறைவையும் தகப்பனாரின் அந்தியேட்டியையும் படமாக வைத்திருக்க விரும்புவார். தமது வளவின் கிணறும் வேலியும் பனைகளும் இன்று எப்படி இருக்கின்றன என்று அறிய விரும்புவார். இவர்களுக்கு அடுத்ததாகப் பயணிகள் வருகிறார்கள். நெடுந்தீவின் குதிரைகள், பவளக்கல் மதில்கள், ஒல்லாந்தர் கோட்டை, பெருக்க மரம் ஆகியவற்றைப் பார்க்க வரும் குடும்பங்களுக்கு அரைநாள் படப்பிடிப்புச் செய்து கொடுக்கலாம்.

எந்த ஊடகம் எதற்கு?

முகநூல்: 2004இல் தொடங்கியது. ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர்களும் பெரியவர்களும் கூடும் இடம் இதுவே. தொழிலுக்கென்று தனியாக ஒரு 'பக்கம்' திறவுங்கள். தனிக்கணக்கில் 5000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. பக்கத்துக்கு அந்த எல்லை இல்லை. வீட்டுக் கதையும் தொழிலும் கலக்காமலும் இருக்கும்.

வட்ஸ்அப்: விலை பேசவும் நாள் குறிக்கவும் ஏற்றது. 2018இல் வந்த வணிகருக்கான வட்ஸ்அப் செயலி இலவசமானது. அதில் சேவைகளையும் விலைகளையும் பட்டியலாக இடலாம். படத்தை வழக்கம்போல அனுப்பினால் அது சுருங்கித் தெளிவு குறையும். 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.

இன்ஸ்டகிராம்: கலியாணம் பேசும் இளையவர்களும் பயணிகளும் இதைப் பார்க்கிறார்கள். நல்ல படங்கள் சிலவற்றை மட்டும் இங்கே வையுங்கள்.

எதை இடுவது, எப்போது இடுவது?

நூறு படம் இட்டால் எவரும் பார்ப்பதில்லை. ஒரு திருவிழாவுக்கு எட்டுப் பத்துப் படங்கள் போதும். ஒவ்வொன்றின் கீழும் ஊர், நிகழ்வு, திகதி ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் பலர் ஆங்கில எழுத்திலேயே ஊரைத் தேடுவார்கள். உங்கள் தொழிற்பெயரும் தொலைபேசி இலக்கமும் எப்போதும் இருக்கட்டும்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது தவறாமல் இடுங்கள். நேரத்தையும் கவனியுங்கள். கோடைகாலத்தில் நமக்கு இரவு 8 மணி ஆகும்போது லண்டனில் பிற்பகல் 3.30, ரொறன்ரோவில் முற்பகல் 10.30. ஞாயிறு இரவு 8 மணிக்கு இடும் படத்தை இரு நாட்டவரும் விழித்திருக்கும்போதே பார்ப்பார்கள்.

பயிருக்குப் பருவம் இருப்பதுபோல இதற்கும் பருவம் உண்டு. கச்சதீவு அந்தோனியார் பெருநாள் மாசி, பங்குனியை ஒட்டி வரும். நயினாதீவுக் கொடியேற்றம் ஆனியில் வரும். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறைக்கு உறவினர்கள் குடும்பமாக வருவார்கள். அவர்கள் வந்தபின் விளம்பரம் செய்வதில் பயனில்லை. ஒரு மாதம் முன்பே அறிவித்துவிடுங்கள்.

ஓர் உதாரணம்

வேலணையில் ஒரு பிள்ளைக்கு ரொறன்ரோவிலிருந்து ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நயினாதீவில் உள்ள தமது வளவின் படங்கள் வேண்டும் என்கிறார். பிள்ளை முதலில் செலவைக் கணக்கிட வேண்டும். குறிகட்டுவான் வரை பஸ், அங்கிருந்து படகு, சாப்பாடு, டேட்டா, ஒரு நாட்கூலி, கமெராவின் தேய்மானம் ஆகிய எல்லாம் சேர வேண்டும். கடைசிப் படகைத் தவறவிட்டால் அன்றிரவு அங்கேயே தங்கவேண்டி வரும். அதையும் நினைத்தே விலை சொல்ல வேண்டும். பாதிப் பணத்தை முன்கூட்டியே பெறலாம். எடுத்தபின் பெயர் பொறித்த சிறிய படங்களைக் காட்டி, மீதி வந்ததும் முழுப் படங்களையும் அனுப்பலாம். வேலை பிடித்திருந்தால் அவரே தமது சங்கத்தாருக்குச் சொல்வார். காசு கொடுத்துச் செய்யும் விளம்பரத்தைவிட அந்த ஒரு சொல் அதிகம் உழைக்கும்.

செய்யக் கூடாதவை

1. அனுமதியின்றி ஒருவரின் முகத்தை இடாதீர்கள். குழந்தைகள், துணையை இழந்தோர், உதவி பெற வரிசையில் நிற்போர் ஆகியோர் விடயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். முகாம்களில் நம்மையும் கேளாமல் படம் பிடித்தார்கள். அது எப்படி இருந்தது என்பதை நாம் மறக்கவில்லை.

2. ஆளில்லாத வீட்டின் படத்தைப் பொதுவில் இடாதீர்கள். கள்வருக்கு வழி காட்டியதாகிவிடும். எல்லைத் தகராறு உள்ள காணியானால் உரிமையாளருக்கு மட்டும் அனுப்புங்கள்.

3. கடற்படை முகாம்களைப் படம் பிடிக்காதீர்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

4. தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். சொன்னால் கணக்கே கைமாறிவிடும்.

5. வட்டிக்குக் கடன்பட்டுக் கமெரா வாங்காதீர்கள். நுண்கடனால் நமது பெண்கள் பட்ட பாடு போதும். கைத்தொலைபேசியில் தொடங்குங்கள். கலியாண வீட்டுக்குக் கமெராவை வாடகைக்கு எடுங்கள். சொந்தக் கமெராவை இலாபத்தில் வாங்குங்கள்.

கொப்பி ஒன்று வேண்டும்

முகநூலும் வட்ஸ்அப்பும் இன்ஸ்டகிராமும் மெட்டா என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி இம்மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் ஒன்றாக நின்றுபோயின. இலங்கையில் 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் ஆகிய மாதங்களில் அரசாங்கமே சமூக ஊடகங்களைத் தடுத்து வைத்தது. பிறர் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்பவர் விதைநெல்லைத் தம் வீட்டில் வைத்திருப்பார் அல்லவா? அதுபோல வாடிக்கையாளரின் பெயர், இலக்கம், செய்த வேலை, பெற்ற பணம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஊடகம் நின்றாலும் தொழில் நிற்காது.

எடுத்த படங்களையும் இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும், மற்றது வேறோர் ஊரில் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

இந்தக் கிழமையே தொடங்க விரும்புபவருக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், பகல் வெளிச்சத்தில் வாசலில் இருத்தி நல்ல படம் ஒன்று எடுங்கள். பெயரையும் ஊரையும் எழுதி அச்சிட்டு அவரிடம் கொடுங்கள். கூலி கேட்காதீர்கள். பக்கத்தில் இடலாமா என்று கேட்டு, சம்மதித்தால் மட்டும் இடுங்கள். கடல் கடந்திருக்கும் அவரது பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு எழுதுவார்கள். உங்கள் முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் அவர்களில் ஒருவராகவே இருப்பார். அவர் எழுதாவிட்டாலும் அந்த வீட்டுச் சுவரில் மீண்டும் ஒரு படம் இருக்கும்.