கல்பாத்தியில் ஓர் அடுக்ககம்: முன்பணம் தருமுன்

"கல்பாத்தியில் இரண்டு படுக்கையறை அடுக்ககம் விற்பனைக்கு. கோயிலுக்கு நடைதூரம், ரயில் நிலையம் அருகில்." இத்தகைய விளம்பரத்தைக் கையில் ஏந்தி எங்கள் கிளைகளுக்கு வருவோரில் பலர் பணி ஓய்வை நெருங்கியவர்கள். பாட்டனார் பிறந்த கிராமத்தில் கடைசிக் காலத்தைக் கழிக்கவேண்டும் என்பது அவர்களது விருப்பம். சென்னையிலோ மும்பையிலோ முப்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தின் பெரும்பகுதி இதற்குத்தான் செல்லப்போகிறது.

விளம்பரத்தில் சொல்லப்படுவது பெரும்பாலும் உண்மையே. ஒலவக்கோட்டிலுள்ள பாலக்காடு சந்திப்பு சுமார் 3 கி.மீ. தொலைவில் உள்ளது, கோவை விமான நிலையம் சுமார் 60 கி.மீ. ஆற்றங்கரையிலுள்ள விசுவநாத சுவாமி கோயில் கி.பி. 1425-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. 'காசியில் பாதி கல்பாத்தி' என்ற சொல்லும், ஐப்பசி இறுதியில் நடைபெறும் ரதோற்சவமும் அறியாத பாலக்காட்டுத் தமிழர் இல்லை. ஊரின் பெயருக்கே ஒரு விலை உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. எனினும் கடன் தரும் வங்கி பார்ப்பது அந்த அடுக்ககத்தின் அடியிலுள்ள மண்ணை.

கல்பாத்தியின் பழைய தெருக்கள் மாநில அரசால் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டவை. சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வீடுகளை இடிக்கவும் மாற்றிக் கட்டவும் தனி அனுமதி தேவை. ஆகவே விளம்பரத்தில் வரும் 'கல்பாத்தி' பெரும்பாலும் அதைச் சூழ்ந்த தெருக்களையே குறிக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை. வசிப்பதற்கு அதுவே வசதி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கட்டடம் பாரம்பரிய எல்லைக்குள் இருக்குமாயின், நகராட்சியின் கட்டட அனுமதியில் அதற்கான ஒப்புதலும் அடங்கியுள்ளதா என்று பார்த்தே தீரவேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் வாரிசுரிமையில் உள்ளது. அடுக்ககம் வாங்குபவர் அதனுடன் நிலத்தில் பிரிக்கப்படாத ஒரு பங்கையும் வாங்குகிறார். அந்த நிலம் முன்பு ஒரு குடும்பத்தின் பூர்விக வீடாக இருந்திருக்கலாம். கேரளத்தின் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று கூட்டுக் குடும்பச் சொத்தில் உரிமை பெற்றிருந்த ஒவ்வொருவரும் தத்தம் தனிப் பங்குக்கு உரியவர் ஆயினர். அவர்களுள் ஒருவர் தில்லியிலும் மற்றொருவர் அமெரிக்காவிலும் மறைந்திருக்கலாம். அவர்தம் பிள்ளைகள் பாலக்காட்டைக் கண்டிராமலும் இருக்கலாம். ஆயினும் அவர்களது பங்கு மறைந்துவிடுவதில்லை. மகள்களுக்குச் சம உரிமை அளித்த 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். பாகபத்திரத்திலோ விடுதலைப் பத்திரத்திலோ ஒரு கையொப்பம் விடுபட்டிருந்தால், கட்டுநர் எத்துணை நேர்மையானவராயினும் வாங்கியவரே வழக்கில் நிற்க நேரும். வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும். விடுபட்ட வாரிசைக் காட்டாது. எனவேதான் முன் ஆதாரங்கள் அனைத்தையும் நாங்கள் கேட்கிறோம். அவை மலையாளத்தில் இருக்கும். வீட்டில் தமிழ் பேசி வெளியூரில் வளர்ந்த பலரால் அவற்றைப் படிக்க இயலாது. விற்பவரே படித்துச் சொல்லும் விளக்கம் போதாது. உங்களுக்கென ஒரு வழக்கறிஞர் படிக்கவேண்டும்.

நிலம் 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு, மிகாமலோ வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால், அத்திட்டத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. பழைய மனைகளில் எழும் சிறு கட்டடங்கள் பல இவ்வரம்புக்குள் அடங்கிவிடும். பதிவு எண் இல்லை என்பதாலேயே அதைப் பழுதென்று கொள்ளவேண்டாம். ஆனால் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் உங்கள் மேல் விழுகிறது. பதிவு பெற்ற திட்டமாயின், எழுத்து மூலமான ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் பெறக்கூடாது.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்வோம். விலை 60 லட்ச ரூபாய் என்று கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதித்த உச்சவரம்பு சொத்து மதிப்பில் 80 விழுக்காடு. அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம் உங்களுடையது. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து மேலும் 6 லட்சம் ஆகும். அது கடன் கணக்கில் சேராது. ஆக, 18 லட்சம் கையில் இருக்கவேண்டும்.

50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள சொத்தில், விற்பவர் இந்தியாவில் வசிப்பவராயின் 1 விழுக்காடு வரியைப் பிடித்துச் செலுத்துவது வாங்குபவரின் கடமை. விற்பவர் வெளிநாடு வாழ்பவராயின் விலை எவ்வளவாயினும் வரி பிடித்தல் உண்டு. விழுக்காடும் மிக அதிகம். பாலக்காட்டுச் சொத்துகளில் இது அபூர்வமன்று. பிடிக்கத் தவறினால் வருமான வரித்துறை வாங்கியவரிடமே கேட்கும்.

சட்டக் கருத்து, மதிப்பீடு ஆகியவற்றுக்குச் சில வாரங்கள் தேவைப்படும்; பழைய ஆதாரங்களின் நகல் வேண்டியிருந்தால் இன்னும் கூடும். ரதோற்சவத்துக்குள் குடியேற எண்ணுவோர், ஆவணங்களின் நகல்களை ஆடி மாதத்திலேயே கிளை மேலாளரிடம் ஒப்படைப்பது நலம்.